அக்காவின் இடது கை

அக்காவுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மார்பை எடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. அக்குளில் கட்டியிருந்த நெறிகளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நெறிகளையும் வெட்டி எடுத்துவிடலாம். பிற்பாடு கை வீங்கிக் கனக்கலாம். இல்லையென்றால் கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு. தோல் கருகும், தோள் இறுகலாம், ஆனால் வீக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். "எது மேல்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அக்காவின் கணவர், என் அத்தான், முந்திக்கொண்டார். "இடது கைதானே டாக்டர்? வீங்கினா வீங்கட்டும், நெறியை வெட்டியே எடுத்துடுங்க. அந்தக் கைக்கு அப்படி என்ன பெரிய வேலை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மந்தைவெளியில் பாதித் தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் அவள். துணி வெட்டுவது, ஊசி கோப்பது எல்லாம் இடது கைதான். சின்ன வயதில் வீட்டில் அடித்து அடித்து, சாப்பிடவும் எழுதவும் மட்டும் வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, அத்தான் ஆபீஸ் போனதும், மாமியார் கண்ணில் படாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தைப்பாள்.

"டாக்டர், எங்கக்கா இடது கைக்காரி" என்றேன்.

அத்தான் முறைத்தார். "என்ன உளர்றே? இத்தனை வருஷமா நான் பார்க்கலியா?"

"நீங்க பார்க்கறப்போ வலது கைதாங்க" என்றாள் அக்கா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, என்ன செய்யலாம்?" என்றார். அவளை யாரும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. பாவம், புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "கரண்டே வைங்க" என்றாள்.

ஆபரேஷன் காயம் ஆறியதும் வாரக்கணக்கில் பஸ்ஸில் போய் வந்தாள். அக்குள் கருகித் தோல் உரிந்தது. பயந்தபடியே தோளும் இறுகியது. இறுக்கம் விட, எல்லா வேலைக்கும் அந்தக் கையையே புழங்கச் சொன்னார் டாக்டர். இவளோ, யாராவது எதிரில் இருந்தால் அதை மடியிலேயே வைத்துக்கொள்வாள். நானும் கத்திப் பார்த்தேன், கேட்டால்தானே.

ஒருநாள் காலை நான் அங்கே இருந்தபோது, மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, வலது கையால் அத்தானுக்குக் காப்பியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கடைக்காரன் இடது கையால் சில்லறை கொடுத்தால்கூடச் சண்டைக்குப் போகிற மனிதர்.

"அந்தக் கையால குடு."

"ஐயோ, வேண்டாங்க. அத்தை பார்த்துக்கிட்டிருக்காங்க."

"பார்க்கட்டும். குடு."

டம்ளரைக் கை மாற்றினாள். தோள் எழும்பாமல் டம்ளர் சாய்ந்து, பாதிக் காப்பி அவர் வேட்டியில் கொட்டியது. மீதியை அவர் வாங்கிக் குடித்தார்.