நிஷிமோரியின் துவாய்ப் பெட்டி

நிஷிமோரி மாஸ்டர் மட்டையை ஓங்கினால் நெக்கார் ஆறே ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடும். ஜப்பானில் அவர் அடித்த பந்தொன்று மேலே போனது போனதுதான், இன்னும் இறங்கவில்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிற விமானமெல்லாம் அதற்கு வழிவிட்டுத்தான் தரையிறங்குகிறது.

இப்படியெல்லாம் சொல்லித் திரிந்தவள் பிரபாலினி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி ஏதாவது பிடி என்று தாய் சுந்தரேஸ்வரி காலையும் மாலையும் ஓதுவதைக் கேட்க ஏலாமல், தகப்பனோடு வேலைக்குப் போய்விடுவாள். தகப்பன் ஞானசுந்தரம் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கோல்ஃப் கிளப்பில் புல்வெட்டுகிறவர். பல்வைத்தியர் கிளாஸ்னரின் பயிற்சிப் பந்துகளுக்கு நடுவே அவித்த முட்டையொன்றை வைத்து, அவர் அதை ஓங்கி அடித்து முகமெல்லாம் மஞ்சளாக நின்றதைப் பார்த்தவள் அவள். வைத்தது யார் என்று கிளப் இன்றுவரை தேடுகிறது.

உண்மையில் நிஷிமோரி ஒரு கிண்ணமும் வென்றதில்லை. அவர் பிறந்தது நெருக்கமான ஒரு துறைமுகப் பட்டினத்தில். அங்கே மைதானத்துக்கு இடம் ஏது? கட்டடமொன்றின் மொட்டைமாடியில் வலை கட்டி, அந்த வலைக்குள் அடித்துப் பழகினார். தன் பந்து கடைசியில் எங்கே போய் விழும் என்பதை வாலிபனாகும்வரை அவர் கண்ணால் கண்டதில்லை. கை நன்றாக இருந்ததால் ஒரு கம்பனி செலவை ஏற்று ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தது.

வந்தவருக்கு எல்லாமே ஒரு நாளில் முடிந்தது. ஜெர்மனியின் வடக்கே, பைன் மரங்களுக்கிடையே, அடுத்த வருடம் பெரிய போட்டிகளில் ஆட இடம் கொடுக்கும் ஆட்டம் அது. மரத்தடிப் புல்லுக்குள் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தார். பந்து ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அவர் கையைத் தூக்கி, பந்து அசைந்துவிட்டது என்று தானே சொன்னார். அடிக்கமுன் பந்து அசைந்தால் கணக்கில் ஓர் அடி தண்டமாகக் கூடும். அந்த ஓர் அடியால்தான் இடமும் போனது. கம்பனி மெல்லக் கையை விட்டது. தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட மனைவி, ஒருத்தரும் பார்க்கவில்லையா என்று மட்டும் கேட்டாளாம். அதன்பிறகு அவள் ஜெர்மனிக்கு வருகிற பேச்சை எடுக்கவேயில்லை. ஊருக்குப் போக வெட்கப்பட்டு இங்கேயே தங்கிய நிஷிமோரி, இந்தக் கிளப்பில் பல்வைத்தியர்களுக்கு, மட்டையை ஓங்கும்போது முழங்காலை எப்படி மடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறவரானார்.

மழைநாளொன்றில், புல்வெட்டி நிற்கும் கொட்டிலில், ஞானசுந்தரத்தின் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியைக் குடித்தபடி அவர் இதைச் சொன்னார். பேசியது டொச்சில், ஜெர்மன் மொழியில்தான். பிரபாலினியின் காதுக்குள் போனதும் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்.

"மாஸ்டர், உங்களுக்கு விசரோ?" என்றாள் அவள்.

"இருக்கும். சொன்னதுக்குக் கவலையில்லை, பிரபாலினி. சொல்லாம விட்டிருந்தா நான் ஆரா வந்திருப்பன் எண்டு தெரியாமலே போச்சு. அதுதான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவரிடம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அவர்களுடைய நாட்டில் ஒருவர் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டால், விருந்து வைத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் பரிசு கொடுக்கவேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து காப்புறுதிகூட எடுத்துவைப்பார்களாம். மற்றவர்கள் தீக்குக் காப்புறுதி எடுக்க, இவர்கள் அதிர்ஷ்டத்துக்கு எடுக்கிறார்கள் என்று பிரபாலினி விழுந்து விழுந்து சிரித்தாள். நிஷிமோரி ஒருபடி மேல். ஐரோப்பாவில் எப்படியும் போடுவேன் என்ற நம்பிக்கையில், தன் பெயர் அச்சடித்த, கைதுடைக்கும் துவாய்களைப் பரிசுக்கென்று ஒரு பெட்டி நிறைய விமானத்தில் கொண்டுவந்திருந்தார். பெட்டி இன்னும் ஒட்டுப் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. அத்தனை வருட ஆட்டத்தில் ஒருதரம்கூட அவர் பந்து ஒரே அடியில் குழிக்குள் விழவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர்காலம். உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்குக் கட்டிய கொடிகள் பால்கனிகளில் வெளுத்துத் தொங்கின. நிஷிமோரியின் மணிக்கட்டு இனி மட்டை பிடிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஜப்பானிலிருக்கும் தமையன் வீட்டுக்கே திரும்பிப் போவதென்று முடிவு. அங்கே முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒருதரமாவது ஒரே அடியில் போட்டாயா? போகிற அன்று காலை, கிளாஸ்னரோடு கடைசியாக ஓர் ஆட்டம் ஆடினார்.

அந்த மைதானத்தில் ஒரு குழி மேட்டுக்கு அப்பால் இருக்கிறது. அடிக்கிறவருக்குப் பந்து விழுவது தெரியாது. பிரபாலினி அவர் பையிலிருந்து பந்தொன்றை முதலே எடுத்துவைத்திருந்தாள். அவர் வழக்கமாக அடையாளத்துக்கு வைக்கும் நீலப் பொட்டும் அதில் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் செடிகள் அடர்ந்த பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அவர் அடித்த பந்து வந்து, மேட்டின் ஓரத்தில் பட்டு, சரிவால் உருண்டு வேறொரு பற்றைக்குள் மறைந்தது. அவள் ஓடிப்போய்க் கையிலிருந்ததைக் குழிக்குள் போட்டுவிட்டு ஓடி ஒளித்துக்கொண்டாள்.

கிளாஸ்னர்தான் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வீசி, நிஷிமோரியைக் கட்டிப்பிடித்தார். புல்வெட்டியோடு அப்போதுதான் வந்த ஞானசுந்தரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். பற்றைக்குப் பின்னால் இருந்தவள் இலைகளை விலக்கிப் பார்த்தாள். இனிப் பெட்டி திறக்கும்.

நிஷிமோரி பந்தை எடுத்துப் பொட்டைப் பார்த்தார். பிறகு புல்தரையை நெடுநேரம் பார்த்தார்.

"இது நான் அடிச்ச பந்தில்லை," என்றார்.

உம்முடைய பொட்டுத்தானே இருக்கிறது என்று கிளாஸ்னர் மன்றாடினார். யாருக்கு என்ன நட்டம், எடுத்துக்கொள்ளுமேன் என்றும் சொல்லிப் பார்த்தார். நிஷிமோரி மறுத்துத் தலையாட்டிவிட்டுச் சரிவில் இறங்கி, பற்றையை மட்டையால் விலக்கித் தன் பந்தைக் கண்டுபிடித்தார். அதை மேலே ஏற்ற ஓர் அடி. குழிக்குள் போட இன்னும் இரண்டு.

கொஞ்சம் தள்ளி மூச்சை அடக்கிக்கொண்டிருந்த பிரபாலினிக்கு அப்போதுதான் உறைத்தது. பைன் மரத்தடியில் அவரிடமிருந்து போனதைத் திருப்பிக் கொடுப்பதாக நினைத்து, அதே இடத்துக்கு அவரை இரண்டாம்தரமும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். அவரும் அதே பதிலையே சொல்லிவிட்டார். முட்டை வைத்தபோது இருந்த சந்தோஷத்தில் ஒரு துளிகூட இப்போது இல்லை. ஆனாலும் தன்னை ஒருவரும் காணவில்லை என்று மனதின் ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது.

மத்தியானம் விமான நிலையத்துக்குப் போகக் கிளாஸ்னரின் கார் வாசலில் நின்றது. ஞானசுந்தரம் பயணப்பெட்டிகளை ஏற்றினார். நிஷிமோரி துவாய்ப் பெட்டியோடு பிரபாலினியிடம் வந்தார்.

"எங்கட வழக்கம் தெரியுமெல்லோ. பந்தை ஒரேயடியாக் குழிக்குள்ள போட்டவர்தான் ஊருக்குத் துவாய் குடுக்கவேணும்."

"ஓம், மாஸ்டர்."

"அப்ப பிடியும்." பெட்டியை அவள் கைகளில் வைத்தார். "போட்டது நீர்தானே."

அவள் வாய் தானாகவே ஒரு பொய்யை எடுத்தது. அப்பாவும் அந்தப் பக்கம் போனவர்தான் என்றாள்.

"அப்பா வரமுந்தி நான் வந்திட்டன். புல்லு வெட்டேல்லை, விடியப் பனித்துளி அப்பிடியே கிடந்தது. பந்து உருண்டிருந்தா அதில கோடு விழும். கோடு இல்லை. கிளாஸ்னரையும் என்னையும் விட்டா, சின்னச் சப்பாத்து அடையாளம் ஒண்டுதான் குழிவரைக்கும் போய்த் திரும்பி இருந்தது. புல்லுவெட்டுறவற்ர பிள்ளை நீர், பனியை மறக்கலாமோ?"

அவளால் பெட்டியைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியவில்லை. அவர் ஒட்டைக் கிழித்து, மடிப்புக் கலையாத முதல் துவாயை உருவி அவள் தோளில் போட்டார்.

"முதல் அந்தச் சப்பாத்தைத் துடையும். இன்னும் ஈரம்."