கோர்ட்டுக் கட்டடத்து ஜன்னல்

அந்த ஊரில் கவுனக்காவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். வக்கீல்கள் போடுகிற கறுப்புக் கவுன் தைப்பது அக்காவின் தொழில். சுற்று வட்டாரத்து வக்கீல்கள் அத்தனை பேரின் தோள் அகலமும் அவளுக்கு மனப்பாடம். யார் கேஸில் தோற்று இளைத்தார், யார் ஜெயித்துப் பெருத்தார் என்று அளவு நாடாவை வைத்தே சொல்லிவிடுவாள். சொல்லாமலும் இருக்கமாட்டாள்.

கடை இருந்தது பழைய கோர்ட்டுக் கட்டடத்தில். அந்தக் கட்டடம் பட்ட பாடு இருக்கிறதே, கொஞ்ச நஞ்சமில்லை. எந்தக் காலத்திலோ ஆண்டவர்கள் ஆளுயர ஜன்னலும் செங்கல் வளைவுமாக ஆசை ஆசையாகக் கட்டினார்கள். கோர்ட்டு புது இடத்துக்குப் போனதும் நீதிபதி உட்கார்ந்த கூடத்தில் தானிய மூட்டை ஏறியது. பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்த வருஷம் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தார்கள். வெள்ளம் வந்தபோது பாதி ஊர் அதன் மாடியில்தான் படுத்தது. எல்லாம் முடிந்த பிறகு நகராட்சி அதை அறை அறையாக வாடகைக்கு விட்டது.

அக்காவுக்குக் கிடைத்தது கைதிகளை உட்காரவைத்த அறை. ஒரு இரும்புக் கதவு, மற்றபடி நாலு பக்கமும் சுவர். யாரும் சீந்தாததால் மலிவாகக் கிடைத்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பல்பு வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் அந்தக் கொடுமை தெரியும். ஒரு கவுனின் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்துத் தைத்த அன்று, அந்தச் சுவரில் எனக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

புருஷன் கொத்தனார். ஊரில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அதுதான். ஒரு வரிசை செங்கல் வைத்துவிட்டு, எட்டப் போய் நின்று பார்த்து, மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் கலைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

நகராட்சியில் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் இடிந்து கிடந்த மதிலிலிருந்து அவர் பழைய செங்கல்லாகப் பொறுக்கினார். சுண்ணாம்பை அவரே அரைத்தார். கூடத்து ஜன்னல்களின் வளைவைத் தடவித் தடவிப் பார்த்து, அதே வளைவைச் சின்னதாக வைத்தார். கோடை முழுக்க அதிலேயே போயிற்று. அவருக்கு எப்போதாவது வேலை கொடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருநாள் தெருவில் நின்று, இவனை வீடு கட்டச் சொன்னால் பேரன்தான் குடிபோவான் என்று எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. கடைசிவரை சின்னச் சின்ன ஒட்டுவேலைதான். குடும்பத்தை ஓட்டியது கவுன்தான். அதைக்கூட அக்கா பெரிதாக நினைக்கவில்லை. ‘நாளைக்கு’ என்று ஊர் கூப்பிட்டதற்கு அவர் சொந்தப் பேர்போலத் திரும்பிப் பார்த்தாரே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஜன்னலோ, கட்டடம் கட்டிய நாளிலிருந்தே அங்கே இருந்ததுபோல் இருந்தது. எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜன்னல் வைத்தவரும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கப் போகிறார்கள். பழுதுபார்க்கிற வேலை அதே மேஸ்திரிக்கு. வாரம் முழுக்கக் கட்டடத்தை அளவெடுத்த என்ஜினியர் பெண் அக்காவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பழையது எல்லாம் அப்படியே இருக்கும், பின்னால் சேர்த்ததை எடுத்துவிட்டுச் சுவரை முன்போல ஆக்குவோம் என்று அவள்தான் விவரம் சொன்னாள். பொதுச் சுவரை உடைத்தவர்களை நகராட்சி காலி செய்யச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அக்கா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

எது பழையது என்று முடிவு சொல்லத் தலைநகரிலிருந்து நிபுணர் வந்தார். தலை நரைத்த, நிதானமான மனுஷர். கூடம், மாடி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தவர் ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார். வளைவை விரலால் தொட்டார். இந்தக் கட்டடத்திலேயே தேர்ந்த கை இதுதான், பழைய ஆட்களிலேயே பெரிய ஆள் யாரோ வைத்திருக்கிறான் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

சும்மா இருந்தால் போதும். ஜன்னல் பிழைத்துவிடும், கடை பிழைத்துவிடும். என்ஜினியர் பெண் கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“அது பழசு இல்ல சார். என் வீட்டுக்காரர் வச்சது. நான்தான் சுவரை உடைக்கச் சொன்னேன்.”

நிபுணர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படிச் சொல்வதால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். இதைச் சொன்னால் கடை போய்விடும் என்பது எனக்குத் தெரியும் என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. “அடைக்கணும்னா அடைச்சுக்கோங்க. ஆனா அவர் வேலையை வேற யார் பேர்லயும் எழுதாதீங்க.”

நிபுணர் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. “தங்கச்சி சொல்றது நிஜம் சார். அவன் வேலைதான். அப்ப நான் தெருவுல நின்னு சிரிச்சேன்.”

அப்படியென்றால் விதிப்படி அடைக்க வேண்டியதுதானே, முடியுமா என்று கேட்டார் நிபுணர்.

“அடைக்கிறது ரெண்டு நாள் வேலை சார். ஆனா பின்னால நீங்க மனசு மாறி, மறுபடி இதே மாதிரி வைன்னு சொன்னா எனக்கு வராது. என் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

நிபுணருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை ஏமாற்றிய முதல் ஆள் உங்கள் வீட்டுக்காரர்தான் அம்மா என்றார். ஜன்னல் இருக்கட்டும், பின்னால் வைத்தது என்பதையும் வைத்தவர் பெயரையும் குறிப்பில் சேர்த்துவிடு என்று என்ஜினியர் பெண்ணிடம் சொன்னார். ஜன்னலே இருக்கிறபோது கடையை மட்டும் எதற்குக் கிளப்ப வேண்டும், நகராட்சியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னார். அந்தப் பெண் ஜன்னல் வைத்தவர் பெயரைக் கேட்டபோது அக்கா அவர் அப்பன் பெயரோடு சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகும் மேஸ்திரி வாசலை விட்டு நகரவில்லை. உள்ளேயும் வரவில்லை. அக்காவுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது, எது முந்தி என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அண்ணே.”

மேஸ்திரி உள்ளே வந்து, ஜன்னல் வளைவை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.