அண்ணனின் இடுப்பெலும்பு

அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அறுபதுகளின் தொடக்கத்தில், அப்பா இறந்த பிறகும், ஜவ்வாது மலையில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். இருந்த மேட்டு நிலத்தில் சாமையும் கொள்ளும் விதைப்போம். விடிவதற்குள் நான் ஏர் பூட்டிவிடுவேன். அண்ணன் வெயில் ஏறும்வரை பாயில் கிடப்பார். எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்க முடியாமல் நிற்பார்.

"ராத்திரி பூரா இடுப்புல குத்துதுடா. காலைல ஒடம்பு வெறைச்சுக்குது" என்பார்.

ஆனால் மத்தியானத்தில் என்னைவிட வேகமாகக் களை வெட்டுவார். நிஜமாகவே உடம்பு முடியாதவன் மத்தியானம் மட்டும் எப்படித் தேறுவான்? நடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். அண்ணி காதுபடவே "சோம்பேறி" என்பேன். அண்ணி தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு வருஷம் மழை தள்ளிப்போய்ப் பெய்தது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அண்ணி தண்ணீருக்குப் போயிருந்தார். அண்ணனை இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"கொஞ்சம் பொறுடா. வெயில் வரட்டும்."

கையைப் பிடித்து இழுத்தேன். பாதி எழுந்தவர் கால் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து வாசற்படியில் விழுந்தார். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. அதைக் கேட்ட பிறகும் நான் சொன்னேன்: "நடிக்காதண்ணா, ஏந்திரு."

அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி, நான்கு பேர் அவரை மலையிலிருந்து இறக்கினோம். அடிவாரத்தில் மாட்டு வண்டி பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"எப்படிய்யா விழுந்த?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "ஓடைல பாசி வழுக்கிட்ச்சிங்க."

எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "முப்பது வயசுல வழுக்கி விழுந்ததுக்கெல்லாம் இடுப்பெலும்பு முறியாதே" என்று சொல்லிவிட்டு, அண்ணனின் முதுகை அங்கங்கே அழுத்தினார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "உங்கப்பாவுக்கு முதுகு எப்படி?"

"கடைசில கூன் வுழுந்துட்ச்சிங்க. மூட்டை தூக்குனதால."

"மூட்டையால இல்லப்பா. இது பரம்பரையா வர்ற வாதம். முதுகெலும்பு மூட்டெல்லாம் வீங்கி, நாளாவட்டத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எலும்பும் சத்து போய் உளுத்துடும். காலைல எழுந்திரிக்க முடியாது, நடமாடினா இளகும். வீட்ல சோம்பேறின்னு திட்டியிருப்பீங்க."

அவர் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலில் எடை கட்டித் தொங்கவிட்டு இரண்டு மாதத்துக்கு மேல் படுக்க வைத்தார்கள். கூட இருந்தவன் நான்தான். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா போலீஸ் உன்ன இட்னு பூடுவாங்க. அப்பறம் என்ன யாரு மலைக்குத் தூக்கினு போறது?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது. டாக்டர் சொன்னபடி தினமும் கோலூன்றி வரப்பில் நடப்பார். ஏர் பிடிப்பது அத்தோடு நின்றது.

அண்ணியிடமும் அண்ணன் அதே ஓடைக் கதையைத்தான் சொல்லியிருந்தார். அண்ணியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அன்னிக்கு ஓடைல தண்ணி மொண்டுனு இருந்தது நான். அவுரு அங்க வரவே இல்ல" என்றார். அத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டவர் அவர்தான்.

எனக்கு அந்த வாதம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று நினைத்ததுண்டு. வெகு காலம் கழித்து அண்ணன் மகனுக்கு வந்தது. ஒரு காலையில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், அன்றைக்கே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்படி ஒரு சித்தப்பன் யாருக்குக் கிடைக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.