இறக்கலாம் என்பவர்கள் கை தூக்கவும்

எங்கள் கோவில் கோபுரத்தின் முதல் நிலையில், வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய்கள் நிற்கிறார்கள். சுதையில் செய்தவர்கள். சிவப்புக் கோட்டு, முறுக்கு மீசை, முட்டைக் கண். வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள், அன்றைக்குத் தாங்கள் பார்த்ததிலேயே பெரிய காவல் எதுவோ அதையே சாமிக்கும் வைத்துவிட்டார்கள். சுதைக் கையில் ஓட்டை விட்டு மரத் துப்பாக்கியைச் செருகியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு அதை இறக்கிக் கழுவிப் பொட்டு வைத்து மறுபடி ஏற்றுவோம். எங்கள் பேட்டையான தாமுவேயில் பஸ்ஸில் வருகிறவர்கள் 'தெனத் கோவில்' என்று சொல்லித்தான் இறங்குவார்கள். பர்மியத்தில் தெனத் என்றால் துப்பாக்கி.

நாட்டில் அவசரநிலை வந்த பிறகு, கமிட்டித் தலைவராக இருந்த என் அண்ணனும் ஓர் அவசர உத்தரவு போட்டார். கோவில் எல்லைக்குள் எந்த ஆயுதமும் கூடாது. முதலில் தேங்காய் உடைக்கிற அரிவாள் போனது. பிறகு முருகன் வேலுக்குத் துண்டு சுற்றினார். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி சாமி நின்றார். கடைசியில் சிப்பாய்களின் துப்பாக்கிக்குச் சாக்கு கட்டினார். அதுதான் வினை. அதுவரை யாரும் கண்டுகொள்ளாத மரக்கட்டை, சாக்கு சுற்றியதும் நிஜத் துப்பாக்கி ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். அவருக்கு ஒரே மகன். ஊர் ஓரத்து லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் வேலை. இளவட்டங்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று ஆன பிறகு, வேலையை விட்டால் கோவில், கோவிலை விட்டால் வீடு என்று இருந்தான். தெருமுனையில் நிற்கும் ராணுவ லாரி துப்பாக்கியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால், மடப்பள்ளியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும் பார்த்துவிடும். அண்ணனின் பயம் அவ்வளவுதான். அதைச் சபையில் சொல்லத்தான் தலைவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கமிட்டியில் உண்டு. எல்லோருக்கும் மாமா. அவர்தான் எதிர்க்கட்சி.

"காவக்காரன் ஆயுதம் வச்சிருக்கிறது அவன் உரிமை. அதப் பறிக்க ஒங்கண்ணன் யாரு?" என்றார் என்னிடம்.

"பொம்மைக்கு என்ன மாமா உரிமை?"

"அவங்க நம்ம பாட்டன் காலத்துலேருந்து நிக்கிறாங்க. ஒங்கண்ணன் நேத்துத் தலைவரானவரு."

சாக்கு போதாது, துப்பாக்கியையே இறக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதும், மாமா நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். சிரிக்கக்கூட முடியாத எரிச்சல் எனக்கு. ஊரில் அரிசிக்கும் கரண்டுக்கும் அல்லாடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கட்டைத் துப்பாக்கிக்காக ஒரு பொதுக்கூட்டம். செயலாளர் என்பதால் நான் குறிப்பெழுத உட்கார்ந்தேன்.

மாமா மேடைத் தமிழில் வாசித்தார். அன்னார், மேற்படி, பொறுப்பினின்றும் என்று நீண்டுகொண்டே போனது. பின்வரிசைப் பையன்களுக்கு வீட்டுத் தமிழே தடவல். இதில் பாதி கொட்டாவி. அண்ணனும் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக மாமா தாளை மடித்தார்.

"ஆக, இறக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது அண்ணனின் கை. என் பக்கத்தில் இருந்த அவர் மகன் குனிந்து, "தெனத்தா, அத்தை?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா தூக்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் தூக்கிவிட்டான். அவனைப் பார்த்து பின்வரிசை முழுக்கத் தூக்கியது.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, இறக்கப்போறது ஒங்கள," என்றேன்.

கை கீழே வரவில்லை. அண்ணன் மாமாவைக் கேட்டார்: "என்னய இறக்குனா, அதையும் சேத்து இறக்குவீங்களா?"

சண்டைக்குத் தயாராக வந்திருந்த மாமா, பிள்ளையின் தூக்கிய கையைப் பார்த்தார். "சரி, சேத்துதான்," என்றார்.

"அப்ப என் கை இருக்கட்டும்."

ஏகமனதாக நிறைவேறியது, தலைவர் உள்பட, என்று எழுதினேன்.

துப்பாக்கி போனதும் சிப்பாய்கள் பஸ் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் போல ஆனார்கள். காவல்காரன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று புதுத் தலைவரான மாமா ஆளுக்கொரு விளக்குமாற்றைச் செருகினார். லாரியில் இருந்த ஒருவன் இறங்கி வந்து அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி திரும்பிப் போனான். அன்றைக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், மொஹிங்கா, இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே பிள்ளையைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டார். மற்றப் பையன்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதன் பிறகு கூடிய கூட்டத்தில், பதவி போன பின் வாயே திறக்காத அண்ணன் எழுந்து நின்றார்.

"துப்பாக்கிய ஏத்திடலாம்."

மாமா திகைத்தார். "லாரி இன்னும் முனையிலதானப்பா நிக்குது?"

"நிக்கட்டும் மாமா. உள்ள வந்து யாரப் பாக்கப்போறாங்க?"

ஏற்றலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் மாமா. எல்லோரும் தூக்கினோம். தூக்கிய கைகளில் ஒன்றுகூட இளம் கை இல்லை.