காலுவே ஓரத்தில் ரெஜினாவின் குரல்

அன்று காலை எங்கள் கம்பெனி பஸ் ஓசூர் ரோட்டில் நகராமல் நின்றுகொண்டிருந்தது. மேம்பாலத் தூண்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து அது தினப்படி நடப்பதுதான். ரெஜினாவின் தம்பி ஜோசப் போன் செய்தான். "வசந்தாக்கா, அக்கா போய்ட்டாங்க" என்றான். காலைப் பூசைக்குப் போய்வந்து காபி கலந்திருக்கிறாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், ஜோசப் ஆட்டோவோடு வருவதற்குள் போய்விட்டாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, வந்த திசையிலேயே விவேக் நகரை நோக்கி நடந்தேன். வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அவள் டியூஷன் டீச்சர். சிலருக்குக் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற பெண். எனக்கு அவள் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு குடிநீர், கழிப்பறைத் திட்டத்தில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் வரைபடம் போடுபவள். திட்டத் தலைவர் பீட்டர் என்ற வெளிநாட்டுக்காரர். அவருக்கும் மக்களுக்கும் நடுவே ரெஜினா. ஆடுகோடிக்குப் பின்னால், ராஜகாலுவே என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த குடியிருப்பு எங்கள் பொறுப்பு. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற நம் தமிழ் ஜனங்கள். மேல் சந்து, கீழ்ச் சந்து என்று இரண்டே வரிசை. தண்ணீருக்கு ஒரு லாரி வரும், வராமலும் போகும். கழிப்பறை என்று ஒன்று கிடையாது.

முதல் கூட்டம் அங்கிருந்த அங்கன்வாடி அறையில் நடந்தது. பொதுக் கழிப்பறை எந்த இடத்தில் கட்டலாம் என்று பீட்டர் கேட்டார். கீழ்ச் சந்தில் குடியிருந்த கன்னியம்மா எழுந்தாள். "இவரு வூட்டுப் பொம்பளைங்கள இட்டுனு வரச் சொல்லு. விடியறதுக்கு முன்னாடி அந்தக் காலுவே ஓரத்துல ஒரு நாள் குந்தட்டும். அப்புறம் வந்து எடம் கேக்கச் சொல்லு" என்றாள். எங்களோடு வந்திருந்த உள்ளூர் அதிகாரி, வேண்டாம் என்று ரெஜினாவுக்குக் கண் காட்டினார். அவள் ஒரு சொல் விடாமல், கன்னியம்மாவின் அதே சூட்டோடு, ஆங்கிலத்தில் சொன்னாள். பீட்டரின் முகம் சிவந்தது. பேனாவை மூடிவிட்டு, அப்படியென்றால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு ஒரு குழாய், வீட்டோடு ஒரு கக்கூஸ், மாதா மாதம் பில் கட்டிவிடுகிறோம் என்றார்கள் பெண்கள். நான் போட்டுவைத்திருந்த பொதுக் கழிப்பறை வரைபடம் அன்றோடு முடிந்தது.

வெளியே வந்ததும் அதிகாரி அவளைக் கடிந்துகொண்டார். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். "அவங்க பேச்ச சலிச்சுக் குடுக்க நான் யாரு வசந்தா?" என்றாள்.

மேல் சந்தில் முதலில் குழாய் போட்டார்கள். அடுத்து கீழ்ச் சந்துக்கு வரும் என்று பீட்டர் சொன்னதை ரெஜினாதான் அவர்களுக்குத் தமிழில் சொன்னாள். தண்ணீர் வந்த அன்று பெண்கள் அவளைச் சந்தின் நடுவில் நிறுத்தி ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிவிட்டார்கள். கன்னியம்மாதான் ஊற்றியது, கீழ்ச் சந்துக்காரியாக இருந்தும். அடுத்தது நம் முறை என்ற சந்தோஷம் அவளுக்கு. சொட்டச் சொட்ட நனைந்து, தலைப்பைப் பிழிந்தபடி சிரித்த ரெஜினாவை அன்று பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கீழ்ச் சந்தின் முறை வரவில்லை. பீட்டரின் நாட்டில் யாரோ எதையோ மாற்றி முடிவெடுக்க, பணம் நின்றுபோனது. அதைச் சொல்ல மறுபடியும் அதே அறையில் கூட்டம். நிதி கிடைத்தால் இரண்டாம் கட்டத்தில் கீழ்ச் சந்து பரிசீலிக்கப்படும் என்று பீட்டர் எழுதிவைத்துப் படித்தார். ரெஜினா மொழிபெயர்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, இரண்டாம் கட்டம் வருமா என்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, வராது என்று தலையசைத்தார். நல்ல மனிதர்தான், கண் கலங்கியிருந்தது. அவள் ஜனங்களைப் பார்த்துச் சொன்னாள்: "காசு நின்னுபோச்சு. இவங்க ஊருக்குப் போறாங்க. கீழ்ச் சந்துக்கு இப்ப கொழா வராது."

கூட்டத்தில் யாரும் பீட்டரைத் திட்டவில்லை. கன்னியம்மா ரெஜினாவுக்கு எதிரே வந்து நின்றாள். "நீதானம்மா வரும்னு சொன்ன. உன் வாயால சொன்ன" என்றாள். அதற்கப்புறம் பல வருஷம் அவளோடு பேசவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ரெஜினா ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நீ அவர்கள் சொன்னதைத்தானே சொன்னாய், உன் மேல் என்ன தப்பு என்று தேற்றப் பார்த்தேன். "பேச்சு அவங்களுதுதான். வாய் என்னுது இல்லியா?" என்றாள்.

பீட்டர் ஊருக்குப் போனார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் கட்டட வரைபடம் போடப் போனேன். அவளுக்கும் அங்கே ஒரு வேலை சொல்லிவைத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். விவேக் நகரில் டியூஷன் எடுத்தபடி, வாரத்தில் ஒரு நாள் கீழ்ச் சந்துக்குப் போய்வந்தாள். முதலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒன்றிரண்டு பெண்கள் அவளோடு தண்ணீர் ஆபீசுக்கு வரத் தொடங்கினார்கள். நிலத்துக்குப் பத்திரம் இல்லாத வீட்டுக்கு எப்படி இணைப்பு கொடுப்பது என்று அங்கே கேட்பார்கள். இந்தப் பெண்களின் தமிழை அவள் கன்னடத்தில் சொல்வாள், அவர்களின் கன்னடத்தைத் தமிழில். இப்போது சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கன்னியம்மாவும் அந்தக் கூட்டத்தோடு வருவாள். ரெஜினாவிடம் பேசாமலே, ரெஜினாவின் வாய்வழியாக அதிகாரியிடம் பேசுவாள்.

கடைசியில் நகரத்தின் வேறொரு திட்டத்தில் கீழ்ச் சந்துக்கும் குழாயும் சாக்கடைக் குழாயும் வந்தன. அவளால் வந்தது என்று நான் சொன்னால் அவளே மறுப்பாள். பல பேர் நடந்தார்கள், காலமும் மாறியிருந்தது. அவள் அன்று சந்தின் முனையிலேயே நின்றுகொண்டிருந்தாளாம். உள்ளே போகக் கூச்சம். முன்பெல்லாம் அந்தப் பக்கம் போகிற நாட்களில் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. அது கன்னியம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. முனைக்கு வந்து, "எத்தினி வருஷமா அடக்கினு திரிஞ்ச. வா, என் வூட்டு பாத்ரூமுக்குப் போய்ட்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். அன்று மாலை போனில் இதை என்னிடம் சொல்லும்போது ரெஜினா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பிறகு அழுதாள்.

அடக்கத்தன்று கல்லறையில் கன்னியம்மாவைப் பார்த்தேன். பிடி மண்ணைப் போட்டுவிட்டு, இனிமேல் ஆபீசில் எங்களுக்காக யார் பேசுவார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்குக் கன்னடம் சரியாக வராது. உங்களோடு ஆபீசுக்கு நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ரெஜினாவின் பொறுமை எனக்கு வரவில்லை, அந்தத் துணிச்சலும் இல்லை. நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. எல்லோருடைய பேச்சையும் அவரவர் குரலிலேயே சொல்லிக்காட்டுகிறவள், என் பெயரை மட்டும் தனக்கே உரிய விதத்தில் சொல்வாள். நடு எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் ஒரு கேள்வி போல உயர்த்தி. எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியது அதுதான். போன வாரம் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் அப்படியே ஒரு குரல் "வசந்தா" என்றது. திரும்பிவிட்டேன். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, தன்னைக் கூப்பிட்ட அம்மாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். பஸ் வந்தது, ஏறவில்லை.