காலண்டரும் மீட்டரும்: ராஜபாளையத்தில் ஒரு பகல்

காலை ஐந்தே முக்கால். மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். தூரம் ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர். நான் ஊர் சுற்றக் கிளம்பியவள் அல்ல, எங்கள் தெருவே அனுப்பி வைத்தவள். ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்று பேச்சு எழுந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை. அது கண்மண் தெரியாமல் ஓடுமாம். வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்குமாம். எங்கள் வீட்டில் ஒட்டுக் கேட்கிற அளவுக்குப் பேச்சே கிடையாது. ராஜபாளையத்தில் என் பள்ளித் தோழி செல்வராணியின் தறி ஷெட்டில் அந்த மீட்டரைச் சோதனைக்காக மாட்டி மூன்று மாதமாகிறது. பார்த்துவிட்டு வந்து சொல் என்றார்கள்.

ஏழரைக்குக் கிருஷ்ணன்கோவில். கல்லூரிப் பேருந்துகளின் நடுவே மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். பக்கத்து இருக்கையில் சோழபுரம் போகும் விவசாயி ஒருவர். அவரிடம் மீட்டர் பற்றிக் கேட்டேன்.

"எங்க மோட்டாருக்கு ஓசிக் கரண்ட்டு. மீட்டர் வந்தா அத நிப்பாட்டிருவாகளோன்னு ஒரு பயம்."

"ஆபீசுல போய்க் கேட்டீகளா?"

"கேட்டேன். ஒன்னும் ஆகாது, பயப்படாதீகன்னாக. அதுக்குப் பொறவுதான் பயமே வந்துச்சு."

எட்டேகாலுக்கு ராஜபாளையம். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டு அறுபதுக்கு இறங்கினார். தெருமுனையிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. வீட்டின் பின்னால்தான் ஷெட். பன்னிரண்டு விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். செல்வராணி இட்லியும் மல்லிச் சட்னியும் வைத்தாள். அவள் கணவர் ஞானசேகரன் சாப்பிட வரவில்லை. கையில் ஒரு கட்டு காலண்டர் தாள்களோடு ஷெட்டில் நின்றிருந்தார்.

கரண்ட் போனாலும், வோல்டேஜ் இறங்கினாலும், அன்றைய தாளில் பென்சிலால் நேரம் குறிப்பது அவர் பழக்கம். அந்தப் பென்சில் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. வோல்டேஜ் இறங்கினால் தறி திணறி இழை அறும். ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். மீட்டர் மாட்டவும், கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் பலப்படுத்தவும் மத்திய அரசின் ஒரே திட்டத்தில்தான் பணம் வருகிறதாம். புது டிரான்ஸ்பார்மர் எந்தத் தெருவுக்கு என்று பட்டியல் தயாராகிறது. இந்தத் தெரு அதில் சேருமா என்று பார்க்கப் பதினோரு மணிக்கு மின்வாரியப் பெண் பொறியாளர் ஒருவர் வருகிறார். சேராவிட்டால் இன்னும் எத்தனை வருடம் முடிச்சுப் போடுவதோ.

பத்தரை ஆனது. கரண்ட் போகவும் இல்லை, வோல்டேஜ் இறங்கவும் இல்லை. ஞானசேகரன் முகம் வாடிவிட்டது.

"பாருங்கம்மா, பல்லு டாக்டர்ட்ட போனா வலி நின்னுரும்லா, அந்தக் கததான். மேடம் வாரப்போ ஒருக்கா இறங்கக்கூடாதா?"

நல்ல கரண்டுக்காக ஆயுள் முழுக்க வேண்டிய மனிதர் அன்று மின்வெட்டுக்காக வேண்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பதினொன்று பத்துக்குப் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயது இருக்கும். மீட்டர் பதிவுகளின் நகலை எடுத்துவந்திருந்தார். காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக அதனருகே வைத்துப் பார்த்தார். அதற்கே அரை மணி நேரம் ஆனது.

"அண்ணாச்சி, இந்த மூணு மாசத்துல இருபத்திரண்டு தடவ குறிச்சிருக்கீங்க. இருபத்தொன்னு மீட்டர்லயும் அப்படியே இருக்கு. ஒன்னுதான் இடிக்குது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பத்தே காலுக்குக் கரண்ட் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா மீட்டர் வரைக்கும் கரண்ட் வந்திருக்கு. நீங்கதான் எடுத்துக்கல."

"நான் பொய் எழுதுவனா மேடம்?"

"பொய்யின்னு சொல்லல. மேல இருக்கிறவங்க இந்த ஒன்னக் காட்டி மொத்தத்தையும் தள்ளிருவாங்க."

ஞானசேகரன் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் மோர் டம்ளர்களோடு வந்த செல்வராணி, தட்டைக் கீழே வைத்தாள்.

"மேடம், அவிய எழுதுனது நெசந்தான். ஷெட்டு மெயின் சுவிட்ச நான்தான் இறக்கினேன்."

எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"அன்னைக்கு எங்க கல்யாண நாளு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிட்டு வருவம்னு ஒரு வாரமா சொல்லுதேன். தறி ஓடுதப்போ எப்பிடி வரன்னாக. தறி நின்னா வருவாகல்லன்னு இறக்கிட்டேன்."

"வந்தாரா?" என்றார் பொறியாளர்.

"வந்தாக. போற வழி பூரா கரண்ட் ஆபீஸ ஏசிக்கிட்டே வந்தாக."

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஊர் சுவிட்சையெல்லாம் சந்தேகப்பட்ட ஞானசேகரன் தன் வீட்டுச் சுவிட்சை எட்டிப் பார்த்ததில்லை. பென்சிலை எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 'காரணம்: ராணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"இது போதும். பட்டியல்ல சேக்கச் சொல்லி இன்னைக்கே அனுப்புறேன். முடிவு மேல இருந்துதான் வரணும். ஆனா உங்க பதிவு நிக்கும் அண்ணாச்சி."

எங்கள் தெருவின் கேள்வியை நானும் கேட்டுவிட்டேன். ஒட்டுக் கேட்குமா?

"கேக்காதுங்க. ஷெட்டுல கரண்ட் ஓடலன்னு தெரியும். கல்யாண நாளுன்னு அதுக்குத் தெரியாது."

மதியம் இரண்டரைக்கு நான் பையைத் தூக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை உன்னோடு வருகிறேன், பால்கோவா வாங்கித் தருகிறேன் என்று செல்வராணி கிளம்பினாள். வாசலில் ஞானசேகரன் சலவைச் சட்டை போட்டு நின்றார். பின்னால் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. வேலையாட்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

"ஏட்டி, கரண்ட் இருக்கும்போதே வாராக," என்று என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பதினொரு கிலோமீட்டர், ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். டிக்கெட்டை அவர்தான் எடுத்தார். கோயில் பக்கத்துக் கடையில் பால்கோவா கால் கிலோ நூறு ரூபாய். சூடு ஆறாததை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி நான் முதல் விள்ளலை வாயில் போட்டபோது, கடையின் மின்விசிறி நின்றது, விளக்கும் அணைந்தது.

ஞானசேகரனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நிறுத்தி, மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

செல்வராணி இலையோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"நான் இங்கனதான இருக்கேன்."