கவர் பாயின் போர்டு

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை ஆனதும் பக்கீர் முகமது தையல் மிஷினை நிறுத்திவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். ஏறி நின்று, கொக்கியில் தொங்கும், தன் பெயர் எழுதிய தகர போர்டைக் கழற்றுவார். கைலி நுனியால் ஒரு துடை துடைத்து, உள்ளே கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். அதற்கப்புறம்தான் கைகால் கழுவி ஒளு செய்து ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்படுவார். தெற்குவாசல் சந்தில் அவர் தொழில் தொடங்கிய இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

"அம்புட்டுக் கனத்த எதுக்குங்க இறக்கி ஏத்திக்கிட்டு? கதவச் சாத்துனா பத்தாதா?" என்று அவர் மனைவி சுல்தான் பீவி கேட்காத மாதமில்லை.

"போர்டு தொங்குனா கடை இருக்குன்னுல்ல அர்த்தம்? நான் பள்ளியில நிக்கையில அது இங்க தொங்கிக்கிட்டுப் பொய் சொல்லணுமாக்கும்?"

இப்படியும் ஒரு மனிதர்! கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் தெரியாதா என்ன? சொன்னால் கேட்கிற ஆளில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. பைக் உறை, மாவாட்டும் கிரைண்டருக்கு உறை, மெத்தை உறை என்று ரெக்சினில் எதைக் கேட்டாலும் தைப்பார். அதனால் 'கவர் பாய்'. வயது ஐம்பத்தேழு. சட்டைக் காலரில் எப்போதும் மூன்று ஊசி குத்தியிருக்கும். டீக்கடையில் நிற்கும்போதும் பக்கத்தில் நிற்கும் வண்டியின் மீது அவர் கை தானாகச் சாண் போடும்; வண்டிக்காரன் முறைத்தால்தான் எடுப்பார். எவ்வளவு பெரிய கஷ்டம் வந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது "சரி, இருக்கட்டும்" என்ற இரண்டு சொல்தான்.

போனில் பட்டனைத் தட்டினால் பைக் உறை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிற காலம். ஒரு வருடமாகக் கடை ஈயாடுகிறது. அந்த நேரத்தில்தான் நாகமலை புதுக்கோட்டையில் மாணவர் விடுதி நடத்தும் அருண்பாண்டி வந்து முந்நூறு மெத்தை உறை கேட்டார். மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்டியதும் அதன் மூலைத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதாம் பாய் வேலை! ஆனா ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வேணும். பிள்ளைக வர்றதுக்குள்ள நம்பர் வாங்கிருங்க, அன்னைக்கே துணி வெட்டிரலாம்" என்றார். கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு மிஷினையும் விற்றுவிட்டு, இந்த வயதில் அடுத்தவன் கடையில் கூலிக்குத் தைக்க உட்கார வேண்டும்.

முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது மின்கட்டண அட்டையால். அது பதினோரு வருடத்துக்கு முன் இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தது. "அத்தா பேரு அதுலயாச்சும் இருக்கட்டுமே" என்று மாற்றாமல் விட்டிருந்தார். அலைந்து திரிந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்து இரண்டாம் முறை போட்டார். இந்த முறை வரி ஆபீஸிலிருந்து நேரில் பார்க்கவே ஆள் வந்தார். வந்தது வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு. கதவில் பூட்டு, வாசலில் வெறும் கொக்கி. அந்த இடத்தில் தொழில் எதுவும் நடக்கவில்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள்.

தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டுத் தரும் தமிழ்வாணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பாய் செய்ய? மொதல்ல அந்த போர்ட நாலு ஸ்குரூ போட்டு முடுக்குங்க. இந்த வாட்டி மூணு நாள்ல முடிஞ்சிரும்ங்கிறாங்க. ஆனா ஆள் வந்தாலும் வரலாம். வந்தா நீங்களே கையெழுத்துப் போடணும், எங்கிட்டும் போயிறாதீங்க."

செவ்வாய்க்கிழமை மூன்றாம் விண்ணப்பம் போனது. போர்டை முடுக்கினார். புதனும் வியாழனும் டீ குடிக்கக்கூட நகராமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளியும் வந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒளு செய்து, தொப்பி போட்டு, வாசல்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சந்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்குப் போனார்கள். "வரலையா பாய்?" என்று ஒருவர் கேட்டார். "முன்னாடி போங்க, வாரேன்" என்றார். போர்டைப் பொய் சொல்ல விடாத மனிதர் அன்று தன் வாயால் சொன்னார். போகவில்லை. சந்து காலியாகி, மறுபடி ஆட்கள் திரும்பி வருகிறவரைக்கும் தலையைக் குனிந்தபடியே இருந்தார். சுல்தான் பீவி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காய்ச்சல் வந்தபோதுகூட ஜும்மாவை விடாதவராயிற்றே.

இரண்டேகாலுக்குத் தமிழ்வாணி ஓடிவந்தாள். "பாய்! நம்பர் வந்துருச்சு! யாரும் வரல, கம்ப்யூட்டரே பாத்துக் குடுத்துருச்சு!"

பக்கீர் முகமது அவளையே பார்த்தார். "அப்ப நான் தொழப் போயிருக்கலாமாம்மா?"

அவள் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினாள்.

அருண்பாண்டிக்குப் போன் போட்டார்.

"நம்பர் வந்துருச்சுங்க."

"மன்னிச்சுக்கங்க பாய். பிள்ளைக நேத்தே வந்து இறங்கிட்டாங்க. வெறும் மெத்தையில எப்பிடிப் படுக்கச் சொல்றது? ரெடிமேடா எடுத்துட்டேன். நீங்க ரெண்டு வாரம் முன்னாடி..."

"சரி, இருக்கட்டும்."

புதன்கிழமை ஒரு மிஷின் லோடு ஆட்டோவில் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போனது. மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மற்ற மிஷினுக்கும் ஆள் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் ஒரு பை கடையில் தைக்கச் சேர்கிறார். தமிழ்வாணி அச்சடித்துக் கொடுத்த பதிவுச் சான்றிதழை சுல்தான் பீவி கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறார்.

மறுபடி வெள்ளி. பன்னிரண்டரைக்கு முக்காலி வாசலுக்கு வந்தது. "ஏங்க, அதான் ஸ்குரூ போட்டு முடுக்கியாச்சே!" என்றார் சுல்தான் பீவி. அவர் முக்காலியைப் போர்டுக்கு நேராக நகர்த்தினார். அக்குளில் நீல ரெக்சின் ஒன்று மடித்து இருந்தது. விடுதிக்கு மாதிரியாகத் தைத்த அந்த ஒற்றை மெத்தை உறையைக் காலையிலேயே போர்டு அளவுக்கு வெட்டி, சுற்றிலும் நாடா கோத்திருந்தார். ஏறி நின்று, அதைத் தன் பெயருக்கு மேல் போர்த்தினார். மூலைகளை இழுத்துவிட்டு, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, ஒளு செய்ய உள்ளே போனார்.